என்ன எடுத்தார்கள் என்று சொன்னவர்

ரெஜினா இறந்த செய்தி ஒரு சனிக்கிழமை காலையில் வந்தது. சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து ஸ்ரீரங்கம் திரும்பும் பேருந்தில், காவிரிப் பாலத்தின் மேல் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டிருந்தேன். நாங்கள் இருவரும் வேலை பார்த்த மருத்துவமனையின் பழைய ஊழியர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. அதில் முன்னாள் நிர்வாக மேலாளர் எழுதியிருந்தார்: "நம் ரெக்கார்டு ரூம் ரெஜினா மேடம் இன்று காலை மாரடைப்பால் இயற்கை எய்தினார். அமைதியின் வடிவம். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாதவர்." அடியில் ரோஜாப்பூ படம் ஒன்று. நான் இறங்கவேண்டிய நிறுத்தம் வருவதற்குள் முப்பது பேருக்கு மேல் கைகூப்பிவிட்டார்கள்.

அவரை அறிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நீங்களே சொல்லுங்கள், ரெஜினா அதிர்ந்து பேசாதவரா? அவர் வாயைத் திறந்தார் என்பதற்காகத்தான் இதே மேலாளர் அவரை வேலையை விட்டு அனுப்பினார். கைகூப்பியவர்களில் பாதிப்பேர் அவருக்கு எதிரான கடிதத்தில் கையெழுத்துப் போட்டவர்கள். இறந்தவர்களைப் பற்றி எழுதும்போது இனிமையாக எழுதவேண்டும் என்பார்கள். அந்த ரோஜாப்பூவைப் பார்த்தபிறகு எனக்கு இனிமை வரவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த மருத்துவமனையின் பெயர் இங்கே வேண்டாம். திருச்சியில் உள்ள தனியார் மருத்துவமனைகளில் அதுவும் ஒன்று. நோயாளிகளின் கோப்புகளை அடுக்கிவைக்கும் ரெக்கார்டு ரூம் கீழ்த்தளத்தில் இருந்தது. அதற்கு ரெஜினா பொறுப்பு. பக்கத்து அறையில் நான் டிஸ்சார்ஜ் சம்மரி டைப் செய்வேன். நோயாளி வீட்டுக்குப் போகும்போது என்ன நோய், என்ன சிகிச்சை, என்ன அறுவைசிகிச்சை என்று எழுதிக்கொடுக்கும் தாள் அது. பத்து வருடங்களுக்கு மேல் நாங்கள் ஒரே மின்விசிறிக் காற்றைப் பங்குபோட்டவர்கள். நான் ஸ்ரீரங்கத்து உத்தர வீதிப் பெண். அவர் எடமலைப்பட்டி புதூர்க்காரர், பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அந்தோணியின் மனைவி. நான் டைப் செய்தவற்றைப் படித்ததில்லை. அவர் தன் கைக்கு வந்த எல்லாவற்றையும் படித்தார். எங்கள் இருவருக்கும் இருந்த வித்தியாசம் அவ்வளவுதான்; அது எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரிய நாளாயிற்று.

ஒரு நாள் ஐந்தாறு கோப்புகளை அள்ளிக்கொண்டு என் மேசைக்கு வந்தார்.

"வேதா, இதெல்லாம் நீ டைப் பண்ணதுதானே? என்ன ஆபரேஷன்னு சொல்லு பாப்போம்."

பார்த்தேன். எல்லாவற்றிலும் ஒரே பத்தி, ஒரே எழுத்துப்பிழை உட்பட. அடிக்கடி வருகிறதே என்று அந்தப் பத்தியைக் கணினியில் ஒரு சுருக்கக் குறியாக நான் சேமித்து வைத்திருந்தேன். இரண்டு பட்டன்களைத் தட்டினால் மொத்தமும் வந்து விழும். அதன் அர்த்தம் என்னவென்று எனக்கு ஏறக்குறையத்தான் தெரியும்.

"கர்ப்பப்பை, ரெண்டு பக்கத்துச் சினைப்பை, ரெண்டு குழாய், எல்லாத்தையும் எடுத்துட்டாங்கன்னு அர்த்தம். வயசைப் பாரு. முப்பத்தி நாலு. இருபத்தொன்பது. முப்பத்தொண்ணு. என்ன காரணம்னு போட்டிருக்கு பாரு. சாதா நீர்க்கட்டி." கோப்புகளை ஒவ்வொன்றாக என் முன்னால் வைத்தார். "ரெண்டு தட்டு தட்டினா ஒரு பொம்பளை காலி. இல்ல?"

எனக்குக் கோபம் வந்தது. டாக்டர் சொல்வதை நான் டைப் செய்கிறேன், என்னை ஏன் கேட்கிறாய் என்றேன். அவர் கோப்புகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவருக்கு இது தெரியவந்ததே தன் வயிற்றின் மூலமாகத்தான். நாற்பதுகளின் தொடக்கத்தில் அவருக்கு அடிவயிற்றில் பாரமாக இருந்தது. ஸ்கேனில் இடது சினைப்பையில் ஐந்து சென்டிமீட்டர் நீர்க்கட்டி. எங்கள் மருத்துவமனையின் மகப்பேறு மருத்துவர் அடுத்த செவ்வாயே அறுவைசிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டார். ரெஜினா அந்த ஸ்கேனை எடுத்துக்கொண்டு உறையூரில் வீட்டிலேயே நோயாளிகளைப் பார்த்துவந்த, அரசுப் பணியில் ஓய்வு பெற்ற ஓர் அம்மாவிடம் போனார். அந்த டாக்டரம்மா ஒரு காகிதத்தில் படம் வரைந்து காட்டினாராம். மாதாமாதம் சினைப்பையில் முட்டைக்காக ஒரு சின்னப் பை உண்டாகிறது. அது வெடித்து முட்டை வெளியே வரவேண்டும். சில மாதம் வெடிக்காது, தண்ணீர் சேர்ந்து அப்படியே நின்றுவிடும். பெரும்பாலும் இரண்டு மூன்று மாதவிடாய்க்குள் தானாக வற்றிவிடும். உள்ளே வெறும் தண்ணீர்தான் என்று ஸ்கேன் சொன்னால் காத்திருந்து மறுபடி பார்க்கலாம். கட்டியான பகுதியோ தடுப்புச் சுவரோ இருந்தாலும், வளர்ந்துகொண்டே போனாலும் சும்மா இருக்கக்கூடாது. திடீரென்று தாங்கமுடியாத வலி வந்தால் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்கக்கூடாது. மூன்றாம் மாதம் ரெஜினாவின் கட்டி இல்லை.

அந்த இரண்டு ஸ்கேன் படங்களையும் மதியச் சாப்பாட்டு மேசையில் பரப்பி எங்களுக்குக் காட்டினார். இது மூணு மாசம் முன்னாடி, இது இந்த மாசம், தண்ணி வத்திடுச்சு பாருங்க என்றார். கணக்குப் பிரிவில் இருந்த ஒருவர் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு எழுந்தார்.

"சாப்பிடற எடத்துல பேசற பேச்சா இது?"

"நேத்து உங்க மூலத்தைப் பத்தி அரை மணி நேரம் சொன்னீங்க சார். நான் சாம்பார் சாதம் சாப்பிட்டுக்கிட்டே கேட்டேன்" என்றார் ரெஜினா.

நாங்கள் சிரித்தோம். ஆனால் அடுத்த நாள் அவர் பக்கத்தில் உட்கார இரண்டு பெண்கள் தயங்கியதையும் நான் பார்த்தேன். நானும் ஒரு நாற்காலி தள்ளித்தான் உட்கார்ந்தேன்.

இனி வளர்மதியைப் பற்றிச் சொல்லவேண்டும். துறையூர்ப் பக்கத்து கிராமத்துப் பெண். அப்போது முப்பத்தொரு வயது, ஒரு பெண் குழந்தை. எங்கள் மருத்துவமனையில் அறுவைசிகிச்சை முடிந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. உடம்பு தீயாக எரிகிறது, தூக்கம் இல்லை, முட்டியெல்லாம் வலிக்கிறது என்று வேறு மருத்துவரிடம் போயிருக்கிறார். பழைய ரிப்போர்ட்டைக் கொண்டுவா என்று அவர் அனுப்பியிருக்கிறார். கணவன் மேலே ரசீது போட நிற்க, வளர்மதி மட்டும் கீழே வந்தார். ரெக்கார்டு ரூமுக்கும் என் அறைக்கும் நடுவே மரத்தடுப்புதான். எல்லாம் கேட்டது.

"கட்டி எடுத்த ரிப்போர்ட் வேணுங்க்கா."

ரெஜினா கோப்பைத் தேடி எடுத்தார். தாள்கள் புரளும் சத்தம் கேட்டது.

"மாசாமாசம் வருதாம்மா?"

"இல்லக்கா. மருந்து குடுத்து நிறுத்தி வெச்சிருக்காங்களாம். உடம்பு தேறினப்புறம் தானா வந்துடும்னு அவரு சொன்னாரு. அடுத்த புள்ளைக்காக சமயபுரத்துல தொட்டில் கட்டியிருக்கேன். ரெண்டு வருஷமா அக்னிச்சட்டி எடுக்கறேன்."

"அவரும் கூட வருவாரா?"

"வருவாருக்கா. அவருதான் சட்டிக்கு வேப்பிலை சுத்திக் குடுப்பாரு."

நான் டைப் செய்வதை நிறுத்தியிருந்தேன். ரெஜினா எழுந்துவந்து வளர்மதியின் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது. அவர் சுற்றிவளைக்கவில்லை. குரலையும் தாழ்த்தவில்லை.

"வளர்மதி, உன் கட்டியை மட்டும் எடுக்கலம்மா. கர்ப்பப்பையை எடுத்துட்டாங்க. ரெண்டு சினைப்பையும் எடுத்துட்டாங்க. இனிமே மாசாமாசம் வராது. பிள்ளையும் உண்டாகாது. உடம்பு எரியறது அதனாலதான். அதுக்கு மாத்திரை இருக்கு, சாப்பிடணும். எலும்புக்கும் சாப்பிடணும்."

அழுகைச் சத்தம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அந்தப் பெண் கேட்டார்:

"எடுத்ததை எங்கக்கா போட்டாங்க?"

இன்றுவரை இந்தக் கேள்வி என் காதில் கிடக்கிறது. ரெஜினா அதற்கும் பொய் சொல்லவில்லை. பரிசோதனைக்கு லேபுக்கு அனுப்பினார்கள், புற்றுநோய் எதுவும் இல்லை என்று அங்கிருந்து எழுதியிருக்கிறார்கள், அதன்பிறகு மஞ்சள் பையில் போட்டு எரிக்க அனுப்பிவிடுவார்கள் என்றார். "எனக்குத் தமிழ்ல எழுதிக் குடுங்கக்கா" என்று வளர்மதி கேட்க, ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக்கொடுத்தார்.

அப்போதுதான் கணவன் படி இறங்கி வந்தான். அவனுக்கு மரியாதை விகுதி போட என் கை வரவில்லை. மனைவி அந்தத் தாளை நீட்டியதும் படித்துவிட்டு ரெஜினாவைப் பார்த்துக் கத்தினான்.

"நீ யாரு இதைச் சொல்றதுக்கு? டாக்டரே சொல்ல வேணாம்னு சொன்னாங்க. மனசு உடைஞ்சிடுவான்னு நானே மூடி வெச்சிருக்கேன்."

"அக்னிச்சட்டி எடுக்கறப்ப எடுக்காதன்னு சொல்லலாமேங்க."

"சாமி காரியத்தை நான் எப்படித் தடுக்கறது? கட்டி புத்துநோயாயிடும், மொத்தமா எடுத்துட்டா மாசாமாசம் இருக்கற தொல்லையும் விட்டுதுன்னு டாக்டரம்மா சொன்னாங்க. கையெழுத்துப் போட்டேன். தப்பா?"

வளர்மதி அவனைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. தாளை நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு படியேறிப் போனார். அவன் பின்னாலேயே ஓடினான்.

மறுநாள் விசாரணை. மேலாளர், அந்த மகப்பேறு மருத்துவர், ரெஜினா. குறிப்பெடுக்க நான். ஒப்புதல் படிவத்தை ரெஜினா கையோடு கொண்டுவந்திருந்தார். ஆங்கிலத்தில் அச்சடித்த தாள். அடியில் வளர்மதியின் கையெழுத்து நீல மையில். என்ன அறுவைசிகிச்சை என்று எழுதவேண்டிய வரி மட்டும் கறுப்பு மையில் இருந்தது. அதன் பக்கத்தில் கணவனின் கையெழுத்தும் கறுப்பு மையில். வளர்மதி கையெழுத்துப் போட்டபோது அந்த வரி காலியாக இருந்திருக்கிறது.

"நோயாளியோட ரகசியத்தை நீங்க வெளியிட்டிருக்கீங்க" என்றார் மேலாளர்.

"அவங்க வயிறு சார். அவங்க ஃபைலு. யாருகிட்டயிருந்து ரகசியம்?"

மருத்துவர் பொறுமையிழந்தார். அவரும் ஒரு பெண், ரெஜினாவை விடப் பத்து வயது இளையவர். "உனக்கு மெடிசின் தெரியுமாம்மா? திரும்பத் திரும்பக் கட்டி வந்துக்கிட்டே இருந்தா யார் பாக்கறது? கிராமத்து ஆளுங்க, செக்கப்புக்கு வரமாட்டாங்க. ஒரு குழந்தை இருக்கு. அப்புறம் அந்தப் பை எதுக்கு? வேஸ்ட்."

"உங்களுக்கு இருக்கா டாக்டர்?"

மேலாளரின் முகம் சுருங்கியது. "அசிங்கமா பேசாதீங்க" என்றார். என் பக்கம் திரும்பி, "அதை டைப் பண்ணாதீங்க."

"இங்க எது சார் அசிங்கம்?" என்று கேட்டார் ரெஜினா. "நான் கேட்டதா, அவங்க செஞ்சதா?"

அதையும் நான் டைப் செய்யவில்லை.

அன்று மாலையே ஒரு கடிதம் தயாரானது. ரெஜினா ஊழியர்கள் மத்தியில் தொடர்ந்து ஆபாசமாகப் பேசுகிறார், பெண் ஊழியர்கள் கூச்சப்படுகிறார்கள், அவரோடு வேலை செய்ய முடியவில்லை என்று எழுதியிருந்தது. ஆதாரமாக அந்தச் சாப்பாட்டு மேசை ஸ்கேன் படங்களைக் குறிப்பிட்டிருந்தார்கள். கடிதத்தை டைப் செய்தவள் நான். மொத்தம் பதினாறு பேர் கையெழுத்துப் போட்டார்கள். ஒன்பதாவது கையெழுத்து என்னுடையது.

காரணங்கள் இருந்தன. என் பெண்ணின் படிப்பு, கணவரின் சம்பளம் என்று எல்லாருக்கும் இருக்கும் காரணங்கள்தாம். அவற்றை இங்கே அடுக்கி உங்களிடம் இரக்கம் தேட விரும்பவில்லை. ஆபாசம் என்ற சொல்லை ரெஜினாவின் பெயருக்குப் பக்கத்தில் என் விரல்களால் அடித்தேன். அதற்குக் கீழே என் பெயரையும் எழுதினேன்.

ரெஜினா கடைசி நாள் தன் தண்ணீர்ப் புட்டியையும் குடையையும் எடுத்துக்கொண்டு என் அறை வாசலில் நின்றார்.

"உன் பேரைப் பாத்தேன். பயந்துட்டியா?"

"ஆமா."

"சரி. நீ பயந்தேன்னு சொல்ற. மத்தவங்க நியாயம்னு சொல்றாங்க."

அதன்பிறகு எட்டு மாதம் நாங்கள் பேசவில்லை. அந்த எட்டு மாதத்தில் அந்த மருத்துவருக்கு ஒரு சங்கம் மகளிர் தினத்தன்று விருது கொடுத்தது. வரவேற்பறை முழுக்க இளஞ்சிவப்பு பலூன். பெண்ணினத்தின் காவலர் என்று பேனர். பெண் ஊழியர்கள் எல்லோரும் இளஞ்சிவப்புப் புடவையில் வரவேண்டும் என்று சுற்றறிக்கை. நானும் கட்டிக்கொண்டு போய் வரிசையில் நின்று கைதட்டினேன். அந்தப் புடவையை அதன்பிறகு கட்டவில்லை. யாருக்கும் கொடுக்கவும் மனம் வரவில்லை, கிழித்துத் தரை துடைத்தேன்.

என் மகள் அப்போது பிளஸ் டூ. ஒரு ஞாயிறு பிற்பகல் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று வலது அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். முகம் வெளுத்துவிட்டது. என் கணவர் நல்ல மனிதர்தான். ஆனால் அவர் சொன்னது இது:

"மாசாமாசம் வர்றதுதானே. வெந்நீர் ஒத்தடம் குடு, சரியாப் போயிடும். கல்யாணம் ஆகாத பொண்ணை அந்த டாக்டர்கிட்டல்லாம் கூட்டிண்டு போனா நாலு பேர் என்ன சொல்லுவா?"

ஒத்தடம் கொடுத்தேன். அரை மணி நேரம் கொடுத்தேன். பிறகு அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ரெஜினாவுக்குப் போன் செய்தேன். எட்டு மாதம் பேசாதவள் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"திடீர்னு வந்துச்சா, கொஞ்சம் கொஞ்சமா வந்துச்சா? ஒரு பக்கமாவா? வாந்தி எடுத்தாளா?" எல்லாவற்றுக்கும் பதில் வாங்கிக்கொண்டு, "ஆட்டோவைக் கூப்பிடு. குடிக்க ஒண்ணும் குடுக்காதே. சினைப்பை முறுக்கிக்கிட்டிருந்தா உள்ள ரத்தம் போகாது, அழுகிடும். அவ்வளவு நேரம் நம்மகிட்ட இல்ல வேதா, கிளம்பு" என்றார்.

கன்டோன்மென்ட் பக்கம் அவர் சொன்ன வேறொரு மருத்துவமனையில் எங்களுக்கு முன்பே அவர் வந்து நின்றார். அவசரப் பிரிவில் இருந்த ஊழியன் ஒருவன் அத்தனை பேர் நடுவில் என் மகளிடம், "கல்யாணம் ஆயிடுச்சா?" என்று கேட்டான். இல்லை என்றதும் பக்கத்தில் இருந்தவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "அப்ப யூரின் டெஸ்ட் எடுத்துடலாம்" என்றான். கர்ப்பமா என்று பார்க்கும் சோதனை அது. பதினேழு வயதுப் பெண் வலியில் சுருண்டு கிடக்கிறாள். என் கணவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

ரெஜினா அவன் முன்னால் போய் நின்றார். "டெஸ்ட் எடுங்க தம்பி, எடுக்கத்தான் வேணும். எல்லாப் பொம்பளைக்கும் எடுக்கறதுதான். சிரிப்பு எதுக்கு? அதை வெளிய போய் வெச்சுக்குங்க."

அறுவைசிகிச்சைக்கு முன் மருத்துவர் என் கணவரிடம் விளக்கத் தொடங்கியபோதும் ரெஜினா குறுக்கே வந்தார். "பொண்ணு முழிச்சுக்கிட்டுதான் இருக்கா டாக்டர். எதை எடுக்கப் போறீங்க, எதை விடப் போறீங்கன்னு அவகிட்டயும் சொல்லுங்க." அந்த மருத்துவர், அவர் ஓர் ஆண், ஒரு கணம் திகைத்துவிட்டுக் கட்டிலருகே போய்க் குனிந்து சொன்னார்: "உன் வலது சினைப்பையில ஒரு கட்டி இருக்கும்மா. அது கனத்துல சினைப்பையோட சேந்து முறுக்கிக்கிச்சு. முறுக்கைப் பிரிச்சு விட்டுட்டுக் கட்டியை மட்டும் எடுக்கப் பாக்கறேன். சினைப்பையைக் காப்பாத்தத்தான் முயற்சி பண்ணுவேன்." வலியிலும் அவள் தலையாட்டினாள். காப்பாற்றிவிட்டார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் முடிந்திருக்காது என்று பிறகு சொன்னார். அவர் தாமதம் என்று சொன்னபோது நான் அந்த அரைமணி நேர ஒத்தடத்தை நினைத்துக்கொண்டேன்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது அந்தக் கையெழுத்தைப் பற்றி ஆரம்பித்தேன். மன்னிப்புக் கேட்டேன்.

"என்கிட்ட கேக்காத. எனக்கு வேலைதான் போச்சு" என்றார் ரெஜினா. "கேக்கணும்னா வளர்மதிகிட்ட கேளு."

நான் துறையூர் போகவில்லை. ஆனால் அடுத்த மாதமே அந்த மருத்துவமனை வேலையை விட்டேன்.

வேலை போனபிறகு ரெஜினாவின் புதூர் வீட்டுக்குப் பெண்கள் வர ஆரம்பித்தார்கள். வளர்மதி சொல்லி ஒருத்தர், அவர் சொல்லி இன்னொருத்தர். பிளாஸ்டிக் பையில் சுற்றிய ஸ்கேன் ரிப்போர்ட்டுகளோடு வருவார்கள். சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு அந்தோணி டீ போடப் போய்விடுவார். "நான் டாக்டர் இல்லம்மா. எழுதியிருக்கறதைப் படிச்சுச் சொல்வேன், அவ்வளவுதான்" என்றுதான் ஒவ்வொரு முறையும் தொடங்குவார். படித்துச் சொல்லிவிட்டு மருத்துவரிடம் என்னென்ன கேட்கவேண்டும் என்று எழுதிக்கொடுப்பார். அறுவைசிகிச்சையே கூடாது என்கிறவர் என்று அவரைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. அது பொய். மாதவிடாய் நின்று ஆறு வருடமான ஓர் அம்மா வந்தார். வயிறு உப்பிக்கொண்டே போகிறது, இரண்டு வாய்க்கு மேல் சாப்பிட முடியவில்லை, வீட்டில் கேஸ் என்று ஓமத் தண்ணீர் கொடுக்கிறார்கள் என்றார். ஸ்கேனைப் படித்த ரெஜினா செருப்பை மாட்டினார். "இந்த வயசுல வர்ற கட்டியைச் சும்மா விடக்கூடாது. நாளைக்கு இல்ல, இப்பவே" என்று தானே ஆட்டோவில் அழைத்துப்போய்ச் சேர்த்தார். புற்றுநோய்தான். அந்த அம்மா இன்றும் இருக்கிறார். அடக்கத்துக்கு வந்திருந்தார்.

அடக்கத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கூடத்தில் ரெஜினாவைக் கிடத்தியிருந்தார்கள். ஜெபமாலை நடந்துகொண்டிருக்கும்போதே எனக்குப் பின்னால் இரண்டு பெண்கள் கிசுகிசுத்தார்கள். "மாரடைப்புங்கறாங்க. அங்கதான் ஏதோ இருந்திருக்கும். சும்மாவா எந்நேரமும் அதைப் பத்தியே பேசுவாங்க?" செத்த உடம்பின் அடிவயிற்றை மனதால் தடவிக்கொண்டிருந்தார்கள். நான் திரும்பிப் பார்த்ததும் உதட்டில் ஜெபம் வந்துவிட்டது.

மேலாளர் ஆள் உயர மாலையோடு வந்தார். எல்லோரும் கேட்கும்படி, "ரொம்ப சாஃப்ட். இந்த மாதிரி ஒரு ஸ்டாஃப் கிடைக்கமாட்டாங்க" என்று அந்தோணியிடம் சொன்னார். அந்தோணி கையை நீட்டவில்லை. தலைமாட்டில் ஒரு பெண் வெகுநேரமாக நின்றுகொண்டிருந்தார். மேலாளர் அவரிடம் பரிவோடு, "நீங்க சொந்தமாம்மா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. எனக்கு ஆஸ்பத்திரியில என்ன எடுத்தாங்கன்னு இவங்கதான் சொன்னாங்க."

மேலாளருக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது. பிறகு சட்டைப்பையில் இருந்து போனை எடுத்து, வராத அழைப்பைப் பேசிக்கொண்டே வாசலுக்குப் போனார்.

வளர்மதி இப்போது கணவனோடு இல்லை. மகளோடு துறையூரில் தையல் கடை வைத்திருக்கிறார். உறையூர் டாக்டரம்மாதான் மாத்திரை எழுதிக்கொடுத்து வந்திருக்கிறார். உடம்பு எரிச்சல் குறைந்திருக்கிறதாம். மருத்துவமனையின் மேல் வளர்மதி போட்ட வழக்கு இன்னும் முடியவில்லை. விருது வாங்கிய அந்த மருத்துவர் இன்னும் அறுவைசிகிச்சை செய்துகொண்டுதான் இருக்கிறார்.

கல்லறையிலிருந்து திரும்பும்போது வளர்மதியைத் தெருமுனையில் பிடித்தேன். என் பெயரைச் சொன்னேன். "உங்க டிஸ்சார்ஜ் சம்மரியை டைப் பண்ணது நான்தான்" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"படிச்சீங்களா?"

"இல்ல."

"அன்னைக்கு நான் அந்த ரூமுக்கு வந்தப்ப பக்கத்துலதான் இருந்தீங்களா?"

"ஆமா."

வேறு எதுவும் கேட்கவில்லை. மன்னிப்பு என்ற சொல்லை நான் எடுப்பதற்குள் பேருந்து வந்துவிட்டது. முன்வாசல் வழியாக ஏறி உட்கார்ந்தார். ஜன்னல் வழியாக என்னைப் பார்ப்பார் என்று நின்றேன். பார்க்கவில்லை. அது சரிதான்.

போன வாரம் நான் ஸ்கேனுக்குப் போனேன். ஐம்பத்திரண்டு வயதில் ஒழுங்கற்ற ரத்தப்போக்கு, பார்க்கவேண்டியதுதான். துணைக்குக் கணவர் வந்திருந்தார். வயிற்றில் ஜெல்லைத் தடவிக் கருவியை உருட்டிய மருத்துவர், திரையைப் பார்த்துக்கொண்டே, "சார், இங்க வாங்க, உங்களுக்குச் சொல்றேன்" என்று என் தலைக்கு மேலாக அவரை அழைத்தார். சிறு வயதிலிருந்து எனக்கு அருவருப்பை ஊட்டி வளர்த்திருக்கிறார்கள். மூன்று நாள் தனித் தட்டு, தனிப் பாய்; கடையில் கறுப்பு உறையில் சுற்றிக் கொடுக்கும் பொட்டலம்; சொல்லக்கூடாத உறுப்புகள். அத்தனையும் என் உடம்பின் மேல் எனக்கு வந்த அருவருப்பு. அன்று அந்தப் படுக்கையில் அதே அருவருப்பு வந்தது. ஆனால் என் வயிற்றின் மேல் வரவில்லை.

"வயிறு என்னோடது டாக்டர்" என்றேன். "என்கிட்ட சொல்லுங்க. அவர் கேட்டுக்குவார்."

மருத்துவர் நாற்காலியை என் பக்கம் திருப்பினார். என் கணவர் தரையைப் பார்த்தபடி நின்று கேட்டுக்கொண்டார்.

ரெஜினாவிடமிருந்து எனக்கு வந்தது இதுதான்: எதைக் கண்டு அருவருக்கவேண்டும் என்ற தெளிவு. அருவருக்கவேண்டியவற்றில் என் ஒன்பதாவது கையெழுத்தும் அடங்கும். இதை நான் கடைசிவரை வைத்துக்கொள்வேன்.